கடைசியாகத் தொட்ட கைகள்: கடற்படைச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போன கதை

2025 அக்டோபர் 26. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. புயலானால் சூட்டுவதற்கு 'மோந்தா' என்ற பெயரும் தயாராக இருந்தது. சென்னையும் திருவள்ளூரும் மழை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த நாளில், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில், 43.5 மீட்டர் உயர ராக்கெட் ஒன்றை ஒருங்கிணைப்புக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். எல்.வி.எம்.3 - எம்5. அதன் உச்சியில், மூடி முடிக்கப்பட்ட வெப்பக் கவசத்துக்குள், 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்.-03 செயற்கைக்கோள். கடற்படை அதை ஜிசாட்-7ஆர் என்று அழைக்கிறது. புவிநிலைப் பாதையை நோக்கி இந்திய மண்ணிலிருந்து அதுவரை கிளம்பிய தகவல் தொடர்பு செயற்கைக்கோள்களில் இதுதான் அதிக எடை கொண்டது.

கட்டடத்திலிருந்து இரண்டாவது ஏவுதளத்துக்குச் சுமார் 1 கிலோமீட்டர். தண்டவாளத்தின் மேல், நடமாடும் மேடையோடு சேர்த்து, ராக்கெட்டை நின்ற நிலையிலேயே மெல்ல நகர்த்துவார்கள். அப்போது அது வெற்று உலோகக் கூடு அல்ல. இரு தோளிலும் இருக்கும் எஸ்200 ஊக்கிகளில் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. ஆக, 400 டன்னுக்கு மேல் எரிபொருளையும், கடற்படை ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்த ஒரு கருவியையும் சுமந்துகொண்டு, புயல் கிளம்பும் கடலின் கரையில் ஒரு ராக்கெட் திறந்தவெளிக்கு வந்து நின்றது. இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி இரவு, மோந்தா வடக்கே ஒதுங்கி ஆந்திரக் கரையைக் கடந்தது.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.26 மணிக்கு எம்5 கிளம்பியதையும், சுமார் 16 நிமிடங்களில் செயற்கைக்கோளைப் பாதையில் விட்டதையும் நாடே நேரலையில் பார்த்தது. கைதட்டலும் கட்டித்தழுவலும் அந்த 16 நிமிடங்களுக்குத்தான் கிடைக்கின்றன. ஆனால், ஒரு ராணுவச் செயற்கைக்கோளின் தலையெழுத்து அதற்கு முந்தைய மாதங்களில், யாரும் படம் பிடிக்காத அறைகளில் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. ஏவுதலுக்கான ஆயத்தம் என்பது ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டே போகும் வேலை. ஒரு பகுதியை மூடிவிட்டால் அதை இனி எந்த மனிதக் கையும் தொடாது. கடைசியாகத் தொட்டவர் சரியாகச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடல் நடுவே ஒரு குரல்

கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் சாதாரண விஎச்எஃப் வயர்லெஸ் எட்டாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லாமல் போனதன் விலையைத் தூத்தூரும் சின்னத்துறையும் வள்ளவிளையும் இன்னும் சுமக்கின்றன. போர்க்கப்பலிடம் தொலைதூர எச்எஃப் ரேடியோ உண்டு. ஆனால் அது வானத்தின் அயனி மண்டலத்தை நம்பி ஓடுவது. காலையில் தெளிவாகக் கேட்டது இரவில் இரைச்சலாகும். காணொளி போன்ற கனமான தகவல்கள் அந்த வழியில் போகாது.

நீர்மூழ்கிகளின் கதை இன்னும் சிக்கலானது. நீருக்குள் இருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம். அங்கிருந்து செய்தி போகும். ஆனால் ஒருவழிப் பாதைதான், வேகமும் குறைவு. நீர்மூழ்கி பதில் பேச வேண்டுமானால் ஆன்டெனாக் கம்பத்தை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியாக வேண்டும். உயர்த்தி நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. அந்தச் சில நொடிகளில் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லிவிட்டு மூழ்க, தலைக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் வேண்டும்.

அப்படி முதலில் வந்தது ஜிசாட்-7. கடற்படை அதை 'ருக்மிணி' என்கிறது. 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில் போனது. சுமார் 2,650 கிலோ எடையுள்ள அதைப் புவிநிலைப் பாதைக்குத் தூக்கும் திறன் கொண்ட ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை. நம் கடற்படையின் ரகசியக் குரலுக்கான கருவியை வெளிநாட்டு ஏவுதளத்துக்குக் கொண்டுபோய், வெளிநாட்டு ராக்கெட்டின் மேல் பொருத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு விமானப்படைக்கு ஜிசாட்-7ஏ, 2018 டிசம்பர் 19 அன்று நம் ஜி.எஸ்.எல்.வி.யிலேயே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ருக்மிணிக்கு மாற்றாக ஜிசாட்-7ஆர் வேண்டுமென்று 2019 ஜூலையில் கடற்படை இஸ்ரோவிடம் ஒப்படைத்த பணியின் மதிப்பு 1,589 கோடி ரூபாய்.

2013இலிருந்து 2025 வரை, 12 ஆண்டுகள், கடலில் இருக்கும் கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் பெரும்பாலும் ஒற்றை ருக்மிணியை நம்பி இருந்திருக்கின்றன. அதில் ஒரு மின்சுற்று பழுதானாலும் பழுதுபார்க்கப் போக முடியாது. ஆயத்தம் என்ற சொல்லுக்குள் ஏவுதளத்து வேலைகளை மட்டும் அடக்குவது போதாது என்றே நினைக்கிறேன். மேலே இருப்பது நல்ல நிலையில் இருக்கும்போதே அடுத்ததற்குப் பணி ஆணை கொடுப்பதும் ஆயத்தம்தான். அதில் நாம் மெத்தனமாக இருந்திருக்கிறோம்.

வெள்ளை அறையும் விஷ எரிபொருளும்

பெங்களூரில் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம்தான் சி.எம்.எஸ்.-03இன் பிறந்த வீடு. அங்கே ஒரு செயற்கைக்கோளைச் செய்து முடிப்பதற்கு ஆகும் பாடு ஒரு பங்கென்றால், அதை வதைத்துப் பார்ப்பது இன்னொரு பங்கு. காற்றை முழுக்க உறிஞ்சிய பெரிய அறைக்குள் வைத்து, ஒரு பக்கம் கொதிக்கவும் மறுபக்கம் உறையவும் விட்டு, நாள்கணக்கில் இயக்குவார்கள். அதிர்வு மேடையில் உலுக்குவார்கள். ராக்கெட் கிளம்பும்போது எழும் ஓசையே மெல்லிய தகடுகளைக் கிழித்துவிடும் என்பதால், அந்த அளவு ஓசையை ஒரு கூடத்துக்குள் எழுப்பி அதன் நடுவே நிறுத்துவார்கள். ஆன்டெனாக்களை அலை எதிரொலிக்காத தனி அறையில் வைத்து, எந்தத் திசையில் எவ்வளவு வலுவாகப் பேசுகிறது என்று அளப்பார்கள்.

அது எந்தெந்த அலைவரிசையில் பேசும், எப்படிக் குறியாக்கம் செய்யும் என்று இஸ்ரோ விரித்துச் சொல்லவில்லை. பல அலைவரிசைகளில் இயங்கும், இந்திய நிலப்பரப்பையும் பரந்த கடற்பரப்பையும் சேர்த்துப் பார்க்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. கப்பல், விமானம், நீர்மூழ்கி, கரையிலுள்ள கடல்சார் செயல்பாட்டு மையம் எல்லாவற்றுக்கும் இடையே குரலும் தரவும் காணொளியும் பாதுகாப்பாகப் போகும் என்று கடற்படை சொன்னது. அதற்கு மேல் கேட்பது நம் வேலையல்ல. ராணுவச் செயற்கைக்கோளைத் தயார்செய்பவர்கள் வீட்டிலும் வாய் திறக்காமல் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு.

பெங்களூரிலிருந்து சாலை வழியே ஸ்ரீஹரிகோட்டா. மீண்டும் வெள்ளை அறை. தூசி வடிகட்டிய காற்று, தொப்பி, முகமூடி, கையுறை, மணிக்கட்டில் நிலைமின்சாரத்தைத் தரையிறக்கும் பட்டை. பயணத்தில் எதுவும் அசையவில்லை என்று முதலிலிருந்து சோதித்த பிறகு, எல்லாரும் தள்ளிப்போட விரும்பும் வேலை வருகிறது. எரிபொருள் நிரப்புவது.

இந்த வகைச் செயற்கைக்கோளின் எடையில் ஏறத்தாழப் பாதி அதன் எரிபொருள்தான். ஒரு தொட்டியில் மோனோ மெத்தில் ஹைட்ரசின். இன்னொன்றில் நைட்ரஜன் ஆக்சைடு கலவை. இரண்டும் சந்தித்தால் தீப்பொறி தேவையில்லை, தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். வெற்றிடத்தில் நம்பி இயக்க அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குணமே தரையில் எமன். ஹைட்ரசினின் ஆவி கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் விஷம். எனவே நிரப்புபவர்கள் தலை முதல் கால் வரை காற்றுப் புகாத உடையணிந்து, வெளியிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்தபடி வேலை செய்கிறார்கள். ஒருநேரத்தில் ஒரே திரவம். ஒன்றை நிரப்பி, குழாய்களைக் கழுவி, காற்றில் ஆவி இல்லை என்று அளந்த பின்பே மற்றதைத் தொடுவார்கள். தீயணைப்பு வண்டியும் மருத்துவக் குழுவும் வெளியே நிற்கும். உடைக்குள் வியர்வை வழியும், துடைக்க முடியாது. தடித்த கையுறைக்குள் இருக்கும் விரல்களால் வால்வை மூடி, கசிவு பார்த்து, அடைப்பைப் போட வேண்டும். 15 ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவி அது. அந்த அடைப்பை அதன்பிறகு யாரும் திறக்கப்போவதில்லை.

திறக்காத ஒரு வால்வு

அதே 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வால்வு இஸ்ரோவை நிலைகுலையச் செய்திருந்தது. ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலாக ஜி.எஸ்.எல்.வி. - எஃப்15 பறந்தது. ராக்கெட் தன் வேலையைச் சுத்தமாக முடித்து, வழிகாட்டுச் செயற்கைக்கோளான என்.வி.எஸ்.-02ஐ நீள்வட்டப் பாதையில் விட்டது. அங்கிருந்து செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினை இயக்கி மேலே ஏற வேண்டும். ஆக்சிஜனேற்றியை உள்ளே விடும் வால்வு திறக்கவில்லை. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது, எரிபொருள் இருந்தது, தரையோடு தொடர்பு இருந்தது. ஆனாலும் செயற்கைக்கோள் அந்த நீள்வட்டப் பாதையிலேயே சிக்கிக்கொண்டது. அந்த வால்வுக்குப் போக வேண்டிய மின்சிக்னல் போய்ச் சேரவில்லை, இணைப்பு முனையொன்றில் தொடர்பு விலகியிருக்க வேண்டும் என்று பின்னர் ஆய்வுக் குழு முடிவுக்கு வந்தது. மாற்று வழியாக வைத்திருந்த இணைப்பிலும் அதே கதை. அந்தக் குழு சொன்ன திருத்தங்கள் சி.எம்.எஸ்.-03இல் செய்யப்பட்டன.

மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. - சி61இன் மூன்றாம் அடுக்கு தடுமாறி இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோள் பறிபோனது. ஒரே ஆண்டில் இரண்டு அடி.

ராணுவப் பயன்பாட்டுக்கென எண்ணிச் செய்த ஒன்றை இழந்த வலியும் பழையதல்ல. 6 மீட்டர் அகல விரியும் ஆன்டெனாவோடு 2018 மார்ச் 29 அன்று போன ஜிசாட்-6ஏ, இரண்டு முறை எஞ்சினை இயக்கிப் பாதையை உயர்த்திக்கொண்ட பிறகு மௌனமானது. மூன்றாவது முறைக்கு அது பதிலே சொல்லவில்லை. ராக்கெட்டில் குறை இல்லை. மேலே போன கருவியின் குரல்தான் நின்றுபோனது.

இத்தனையும் தெரிந்தவர்கள்தான் சி.எம்.எஸ்.-03இன் ஒவ்வொரு இணைப்பு முனையையும் மாட்டினார்கள். 'தொடர்பு சரி' என்று கணினித் திரை காட்டுவதோடு விடாமல், இழுத்துப் பார்த்து, படமெடுத்து, இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே அடுத்த வேலைக்குப் போக வேண்டிய ஒழுங்கு இது. பறப்பதற்கு முன் கழற்ற வேண்டிய சிவப்புப் பட்டைகளை எண்ணி எண்ணிக் கழற்றுவார்கள். மாட்டியது எத்தனையோ, கைக்கு வந்தது அத்தனை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை நிற்கும். சரியில்லை என்று ஒரு இளநிலைத் தொழில்நுட்பப் பணியாளர் சொன்னால் மொத்தப் பணியையும் நிறுத்திப் பார்க்கும் மனம் மேலே இருப்பவர்களுக்கு வேண்டும். தேதி தள்ளிப்போனால் ஏளனமாகப் பேசுவதைச் செய்தித் துறையில் இருக்கும் நாமும் விட்டாக வேண்டும்.

மகேந்திரகிரியிலிருந்து

ராக்கெட்டின் திரவ எஞ்சின்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு இருக்கிறது. பக்கவாட்டு எஸ்200களின் எரிபொருள் மட்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தயாராகிறது. அலுமினியத் தூளையும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் ரப்பர் போன்ற பிணைப்பானில் கலந்து, கெட்டி மாவாகக் கரைத்து, உறைக்குள் வார்த்து இறுகவிடுவார்கள். பற்றவைத்த பிறகு இதை அணைக்க முடியாது. எனவே உள்ளே ஒரு மயிரிழை விரிசலோ காற்றுக்குமிழியோ இருக்கக் கூடாது. நடுவே நிற்கும் எல்110 அடுக்கில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அதற்கு மேலே சி25 கிரையோஜெனிக் அடுக்கு. இந்த எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி. பணகுடி, காவல்கிணறு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்த மலையடிவார உறுமல் பழகிப்போன ஓசை.

சி25இன் திட்ட இயக்குநராக இருந்தவர் வி.நாராயணன். நாகர்கோவில் அருகே மேலக்காட்டுவிளையில் பிறந்து, அரசுப் பள்ளித் தமிழ்வழியில் தொடங்கி, கிரையோஜெனிக் எஞ்சினோடே வாழ்ந்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். பொறுப்பேற்ற மாதமே என்.வி.எஸ்.-02, நான்கு மாதம் கழித்து சி61. நவம்பரில் அவர் உருவாக்கிய அடுக்கே 4,410 கிலோவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எல்.வி.எம்.3 அதற்கு முன் நீள்வட்டப் பாதைக்குத் தூக்கிய சுமைகளில் பெரியவை சந்திரயான்கள்; அவை 3,900 கிலோவுக்கு உட்பட்டவை. 500 கிலோ கூடுதல் என்றால், எங்கெல்லாம் எடையைக் குறைக்கலாம், எந்த எஞ்சினை எவ்வளவு நேரம் கூடுதலாக எரிக்கலாம் என்று கிலோ கிலோவாகக் கணக்குப் பார்த்த உழைப்பு. ஏவுதலுக்கு முந்தைய நாட்களில் வானிலை ஒத்துழைக்கவே இல்லை, சோதனையான நேரம் என்று வெற்றிக்குப் பிறகு அவரே சொன்னார்.

புயலும் மழையும் ராக்கெட்டை நனைத்துவிடும் என்பதோடு முடிவதில்லை. மின்னல் ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று. தரையில் இலை அசையாத நாளிலும் மேலே காற்று ராக்கெட்டை ஒடிக்கும் வேகத்தில் அடிக்கலாம். அதனால் பலூன்களை மேலே விட்டு, ஒவ்வொரு உயரத்திலும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து, அந்த நாளின் காற்றுக்கு ஏற்பப் பறக்கும் வழியைக் கணினியில் திருத்துகிறார்கள்.

கவுன்டவுன்

ஆயத்தநிலை ஆய்வுக் கூட்டம் கூடி எல்லாத் துறைகளின் சொல்லையும் கேட்கும். பிறகு ஏவுதல் அனுமதிக் குழு கையெழுத்திடும். சனிக்கிழமை கவுன்டவுன் தொடங்கியபோது ஏவுதளத்தில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். எல்110இன் தொட்டிகள் நிரம்பின. பிறகு, தொலைவிலிருந்து இயக்கி, சி25க்குள் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் போயின. அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், மூட்டுகள் இறுகும், அறை வெப்பத்தில் கசியாத இடம் அங்கே கசியலாம். அதனால் முதலில் குழாய்களைக் குளிரவைத்து, பிறகு தொட்டியைக் குளிரவைத்து, அதன்பின்தான் நிரப்புவது. நிரப்பிய பிறகும் ஹைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். போனதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே இன்னொரு ஆயத்தம். ராக்கெட் கடக்கும் வான்வழியை விமானங்களுக்கு மூடுவார்கள். கழன்று விழும் அடுக்குகள் எங்கே விழும் என்று கணக்கிட்டுக் கப்பல்களுக்கு அறிவிப்பு போகும். விண்வெளியில் ஏற்கெனவே சுற்றும் பொருள்களோடு மோதல் வருமா என்று நேரம் பார்ப்பார்கள். பழவேற்காடு மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்படும். ஒவ்வொரு ஏவுதலுக்கும் படகைக் கரையில் நிறுத்துகிறார்கள் அவர்கள். அந்த நாளின் வருமானம் போகிறது. நாட்டின் பாதுகாப்புக்கான செயற்கைக்கோள் கிளம்பும் நாளில் அவர்கள் செலுத்தும் பங்கு அது. அதற்கு உரிய ஈட்டுத்தொகை பற்றி யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசிச் சில நிமிடங்கள் கணினியின் கையில். ஏதாவது ஒரு அழுத்தமோ வெப்பமோ எல்லை தாண்டினால் தானாகவே நிறுத்தும். நிறுத்தவில்லை. 5.26க்கு எஸ்200கள் இரண்டும் ஒரே நேரத்தில் பற்றின. இரண்டு நிமிடங்களுக்குள் எல்110, பிறகு சி25. செயற்கைக்கோள் பிரிந்த கையோடு அதன் கட்டுப்பாடு கர்நாடகத்தின் ஹாசனிலுள்ள தலைமைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு மாறியது. அங்கிருந்து செயற்கைக்கோளின் சொந்த எஞ்சினை இயக்கி, படிப்படியாக 36 ஆயிரம் கிலோமீட்டர் உயர வட்டத்துக்கு ஏற்றுவதுதான் அடுத்த வேலை. பெங்களூரில் மாட்டிய இணைப்புக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் மூடிய வால்வுக்கும் தேர்வு அப்போதுதான் தொடங்குகிறது.

செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகும் எம்5க்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. சி25இன் எரிகலனை விண்வெளியில் மறுபடி பற்றவைத்துப் பார்த்தார்கள், பற்றியது. அதுவரை ஒரே தடவை எரிந்து அணைந்த அந்த அடுக்கு, அணைந்து மீண்டும் எரியக் கற்றுக்கொண்டால், ஒரே பயணத்தில் வெவ்வேறு பாதைகளில் செயற்கைக்கோள்களை இறக்க முடியும்.

அடுத்த வரிசையில் தரைப்படைக்கான ஜிசாட்-7பி நிற்கிறது. 2023 மார்ச்சில் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் சுமார் 3,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அது 5 டன் வகை. இன்றைய எல்.வி.எம்.3க்கு அது கூடுதல் சுமை. எல்110க்குப் பதிலாக மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் செமி கிரையோஜெனிக் அடுக்கும், இன்னும் பெரிய கிரையோஜெனிக் அடுக்கும் வந்தால்தான் 5 டன்னை நம் மண்ணிலிருந்தே தூக்கலாம். செமி கிரையோஜெனிக் எஞ்சினின் ஆற்றல் பகுதியை 2025 மார்ச் 28 அன்று மகேந்திரகிரியில் வெற்றிகரமாக எரித்துப் பார்த்தார்கள். சோதனைகள் தொடர்கின்றன.